பிரெஞ்சு இடைக்காலக் கலைக் கண்காட்சியில் சுவரைவிடப் பேழையைப் பாருங்கள்

கேள்வி: பாரிஸில் பிரெஞ்சு இடைக்காலக் கலையையும் மறுமலர்ச்சியின் தொடக்கக் காலக் கலையையும் காட்டும் கண்காட்சிகளுக்குப் போக நினைக்கிறேன். இத்தாலிய ஓவியக் கூடங்களைப் போலச் சுவர் நிறைய ஓவியங்கள் இருக்குமா? அறைகள் ஏன் அவ்வளவு இருட்டு? ஒரு புத்தகத்தில் இரண்டே பக்கங்களைத் திறந்து வைப்பது ஏன்? ஓவியரின் பெயர் இல்லாமல் 'இன்ன மாஸ்டர்' என்று எழுதியிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

சுவர் நிறைய ஓவியங்கள் இருக்காது. அதை எதிர்பார்த்துப் போனால் முதல் அறையிலேயே சலிப்பு வந்துவிடும். 14, 15ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியத்தின் பெரும்பகுதி சுவரிலோ பலகையிலோ இல்லை, புத்தகத்துக்குள் இருக்கிறது. பலகை ஓவியங்களும் நிறையத்தான் வரையப்பட்டன. 16ஆம் நூற்றாண்டு மதப் போர்களில் கொஞ்சம் எரிந்தது, தேவாலயங்களைப் புதுப்பித்தவர்கள் கொஞ்சம் தூக்கி எறிந்தார்கள், 1789இல் தொடங்கிய புரட்சி மிச்சத்தில் பெரும்பகுதியை அழித்தது. புத்தகங்கள் அலமாரியில் மூடிக் கிடந்ததால் பிழைத்தன. வண்ணமும் அதனாலேயே பிழைத்தது. 1993இல் பிரெஞ்சு தேசிய நூலகம் 1440 முதல் 1520 வரையிலான ஓவியச் சுவடிகளை வைத்துப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஃபிரான்சுவா அவ்ரில், நிக்கோல் ரெனோ இருவரும் அமைத்த அதன் தலைப்பின் பொருள் 'ஓவியம் புத்தகங்களுக்குள் இருந்தபோது'. இந்தக் காலத்துக் கலையைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வரியை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்கப்போவது இப்படித்தான் இருக்கும்: மங்கலான அறை, இடுப்பளவு உயரக் கண்ணாடிப் பேழைகள், அவற்றுக்குள் கையளவுப் புத்தகங்கள், நடுவே ஒன்றிரண்டு கற்சிலைகள், சித்திரம் நெய்த ஒரு பெரிய திரைச்சீலை, சில தந்தச் சிற்பங்கள், எனாமல் பூச்சு பூசிய செப்புத் தகடுகள். பலகை ஓவியம் ஐந்தாறு இருந்தால் அது பெரிய கண்காட்சி.

முதலில் அந்த இருட்டைப் பார்ப்போம். அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கிவிடும்.

சுவடிகளுக்கு ஒளி அளவு 50 லக்ஸ் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழக்கம். நன்கு வெளிச்சமுள்ள அலுவலக மேசையில் இதைப்போல் பத்து மடங்கு இருக்கும். ஆனால் அளவைவிட முக்கியம், மொத்தம் எவ்வளவு நேரம் ஒளி பட்டது என்பது. மிக எளிதில் மங்கும் வண்ணங்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்பது பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள வரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 400. 38ஆவது நாளே ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மூன்று மாதக் கண்காட்சி, வாரம் ஒருநாள் விடுமுறை என்றால் சுமார் 77 நாள். அதாவது 30,800 லக்ஸ்-மணி, இரண்டு ஆண்டு ஒதுக்கீட்டைத் தாண்டிய செலவு. அதனால்தான் நடுவில் பக்கத்தைத் திருப்புகிறார்கள், கண்காட்சி முடிந்ததும் அந்தப் புத்தகத்தைச் சில ஆண்டுகள் வெளியே எடுப்பதில்லை.

எந்த வண்ணம் மங்கும் என்று தெரிந்தால் பார்வையே மாறும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த கல்லை அரைத்துச் செய்த நீலத்தை ஒளி ஒன்றும் செய்யாது. 600 ஆண்டுக்குப் பிறகும் அது கண்ணைக் குத்தும். இளஞ்சிவப்பு அப்படியல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய இளஞ்சிவப்பில் கணிசமான பங்கு ஆசியாவிலிருந்து கப்பலேறிய பதிமுகக் கட்டையின் சாறு. நம் பக்கத்தில் குடிநீரைச் சிவப்பாக்கப் போடுவார்களே, அதே மரம். இத்தாலிய வணிகர்கள் உயர்ந்த ரகத்தைக் கொல்லம் துறைமுகத்தின் பெயராலேயே அழைத்தார்கள். அந்தச் சாயம் வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும். ஒரு பக்கத்தில் நீல உடை திடமாகவும் பக்கத்தில் நிற்பவரின் உடை வெளிறிய சாம்பல் கலந்த ரோஜாவாகவும் தெரிந்தால், ஓவியர் அப்படி வரைந்தார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

கறுப்புத் திட்டும் அப்படித்தான். போர்வீரரின் கவசம், வாள், ஆற்று நீர் எல்லாம் அழுக்குக் கறுப்பாக இருந்தால் அங்கே ஒருகாலத்தில் வெள்ளித் தகடு ஒட்டப்பட்டிருந்தது என்று பொருள். வெள்ளி கறுத்துவிட்டது. பச்சை இருக்கும் இடத்தில் தோல்தாள் பழுப்பேறியோ ஓட்டை விழுந்தோ இருந்தால், செப்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை தாளை அரித்திருக்கிறது.

உங்கள் கண்ணுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். வெயிலிலிருந்து நேரே முதல் பேழைக்குப் போனால் எதுவும் தெரியாது. பெரும்பாலோர் முதல் அறையை வேகமாகக் கடந்துவிட்டுக் கடைசி அறையில்தான் நன்றாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் காப்பாட்சியர்கள் முக்கியமானதை முதல் அறையிலும் வைப்பதுண்டு. ஐந்து முதல் பத்து நிமிடம் முன்னுரைப் பலகையைப் படித்துக்கொண்டு நில்லுங்கள். கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள், பழகிய கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். மடக்கு உருப்பெருக்கி ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. 20 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தில் விரல் நக அளவு முகங்கள் இருக்கும். ஆனால் கண்ணாடியில் முட்டாமல் பார்க்கப் பழகுங்கள். சில பேழைகளில் அதிர்வு உணரும் கருவி இருக்கும்.

பொன்னை நேராக நின்று பார்த்தால் பழுப்பாகத்தான் தெரியும். அதில் இரண்டு வகை உண்டு. சுண்ணக் களிம்பை மேடாகப் பூசி, அதன்மேல் பொன் தகட்டை ஒட்டி, நாய்ப்பல் போன்ற வழுவழுப்பான கருவியால் தேய்த்து மெருகேற்றியது ஒன்று. இது கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். பொன்தூளைப் பிசினில் குழைத்துத் தூரிகையால் இட்டது மற்றொன்று. இதில் மென்மையான மினுக்கம் மட்டுமே இருக்கும். கொஞ்சம் குனிந்து, தலையை இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். ஒன்று திடீரென்று எரியும், மற்றது எரியாது. இரண்டாவது வகையைத் தூர் நகரத்து ஷான் ஃபூக்கே எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். துணி மடிப்பின் ஒளிபடும் விளிம்பில் மட்டும் மயிரிழை மயிரிழையாகப் பொன் கோடுகள். புகைப்படத்தில் இது வருவதே இல்லை. கண்காட்சிக்குப் போவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி இரண்டு பக்கக் கேள்வி. புத்தகம் தைத்துக் கட்டப்பட்டது. தோல்தாள் ஈரத்தை உறிஞ்சினால் நெளியும், வறண்டால் இறுகும். நெளியும்போது வண்ணம் செதில் செதிலாக உதிரும். அதனால் ஈரப்பதத்தை 50 விழுக்காடு சுற்றி நிலையாக வைத்து, முதுகு இறுக்கமான புத்தகத்தை முழுக்க விரிக்காமல், அதன் கோணத்துக்கென்றே செய்த தாங்கியில் சாய்த்து வைப்பார்கள். பக்கங்களை மெல்லிய ஒளிபுகும் பட்டை பிடித்திருக்கும். 100 ஓவியங்கள் உள்ள புத்தகத்தில் நீங்கள் காண்பது ஒன்றோ இரண்டோ. எந்தப் பக்கம் என்பது காப்பாட்சியரின் வாதத்தைப் பொறுத்தது. இத்தாலியத் தாக்கத்தைப் பேசும் கண்காட்சி வளைவும் தூணும் வந்த பக்கத்தைத் திறக்கும், அரசவை வாழ்வைப் பேசுவது விருந்துக் காட்சியைத் திறக்கும். ஒரே புத்தகம் இரண்டு கண்காட்சிகளில் இரண்டு வேறு புத்தகங்களாகத் தெரிவது இதனால்தான்.

அபூர்வமாக ஒரு புத்தகத்தைப் பிரிப்பார்கள். பழுதுபார்க்கப் பிரித்த இடைவெளியில் தாள்களைத் தனித்தனியாகக் காட்டிவிட்டு மறுபடி கட்டிவிடுவார்கள். பெர்ரி கோமகன் ஷானுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் வரைந்த வேளைச் செபநூல்கள் இரண்டுக்கு இப்படி நடந்தது. வேளைச் செபநூல் என்பது இல்லறத்தார் நாளின் பல வேளைகளில் சொல்லும் செபங்களின் தொகுப்பு. ஓவியச் சுவடிகளில் அதிகம் எஞ்சியிருப்பது இந்த வகைதான். முதலாவது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான 'பெல் எர்'. பிரித்த தாள்களை லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்திலும் 2010இல் நியூயார்க்கிலும் காட்டினார்கள். இரண்டாவது, பாரிஸுக்கு வடக்கே ஷாண்டியி அரண்மனையில் உள்ள 'த்ரே ரிஷ் எர்'. 2025 ஜூன் 7 முதல் அக்டோபர் 5 வரை அதன் பன்னிரண்டு மாத நாட்காட்டிப் படங்களை ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது. லிம்பூர்க் சகோதரர் மூவரும் 1416இல் இறந்தார்கள், அதே ஆண்டு கோமகனும் இறந்தார். அரைகுறையாக நின்ற வேலையை எழுபது ஆண்டுகளுக்குப் பின் சவோய் கோமகனுக்காக முடித்தவர் பூர்ஷ் நகரத்து ஷான் கொலோம்ப். சாதாரண நாளில் ஷாண்டியிக்குப் போனால் அதன் அசல் காட்சியில் இருக்காது, நகல் பதிப்புதான் இருக்கும். இது தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஷாண்டியி பற்றி இன்னொன்று. அங்குள்ள கொந்தே அருங்காட்சியகம் ஓமால் கோமகன் பிரெஞ்சுக் கல்விக்கழகத்துக்குக் கொடுத்த கொடை. எந்தப் பொருளையும் வெளியே கடன் கொடுக்கக் கூடாது என்பது கொடையின் நிபந்தனை. எனவே பாரிஸிலோ சிகாகோவிலோ எவ்வளவு பெரிய கண்காட்சி நடந்தாலும் ஷாண்டியிப் பொருள் எதுவும் அதில் இருக்காது. ஃபூக்கே தம் புரவலர் எத்தியன் ஷெவாலியேவுக்காக வரைந்த செபநூலை 18ஆம் நூற்றாண்டில் யாரோ துண்டு துண்டாக வெட்டினார்கள். இன்று அறியப்பட்ட 47 தாள்களில் 40 ஷாண்டியியில் இருக்கின்றன. மீதி லூவ்ர், பிரெஞ்சு தேசிய நூலகம், பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம், இங்கிலாந்தின் அப்டன் ஹவுஸ், நியூயார்க் என்று சிதறிக் கிடக்கின்றன. இந்த நிபந்தனையை யாரும் மீறாத வரை அவை ஒரே கூரையின்கீழ் வர வேண்டுமானால், மற்றவர்கள்தான் தங்கள் ஏழையும் ஷாண்டியிக்குக் கொண்டுவர வேண்டும். கண்காட்சிப் பட்டியலில் ஃபூக்கே பெயர் இருந்தும் இந்த நாற்பது இல்லையே என்று குறைப்படுவோர் காப்பாட்சியரைத் திட்டிப் பயனில்லை.

ஃபூக்கேயின் பெரிய வேலையும் இரண்டாகப் பிளந்ததே. மெலன் நகரத் தேவாலயத்துக்காக 1450களில் வரைந்த இரட்டைப் பலகை அது. ஒரு பலகையில் ஷெவாலியே முழந்தாளிட்டிருக்க, அவர் பெயர்ப் புனிதர் முடியப்பர் அருகில் நிற்கிறார். எத்தியன் என்பதே முடியப்பர் பெயரின் பிரெஞ்சு வடிவம். அதனால்தான் அவர் கையில் புத்தகத்தின்மேல் ஒரு கல், அவரைக் கல்லெறிந்து கொன்றதன் அடையாளம். மற்றதில் செங்கட்டியால் செய்ததுபோன்ற சிவப்பு வானதூதர்களும் நீல வானதூதர்களும் சூழ, வெளிறிய உடலோடு மாதா. 18ஆம் நூற்றாண்டில் விற்கப்பட்டு, முதலாவது பெர்லினுக்கும் இரண்டாவது ஆன்ட்வெர்ப்புக்கும் போயின. 2017 செப்டம்பரில் பெர்லின் ஓவியக் கூடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. சட்டத்தில் பதித்திருந்ததாகக் கருதப்படும், சுமார் 7 சென்டிமீட்டர் அகல வட்டப் பதக்கத்தையும் லூவ்ரிலிருந்து வரவழைத்தது. அதில் ஃபூக்கே தம் முகத்தையே பொன்கோடுகளால் தீட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட கண்காட்சியில் பார்க்க வேண்டியது பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. ஒரு பக்கம் பளிங்குச் சுவர் ஆழமாகப் பின்வாங்கும் இத்தாலியக் கட்டடம், மறுபக்கம் ஆழமே இல்லாத வானம். ஷெவாலியேவின் பார்வை எங்கே போகிறது என்று தனித்தனியாகப் பார்க்கும்போது விளங்காது.

தென்பிரான்ஸின் எக்ஸ் நகரத்துக்காக பார்த்தெலெமி தெய்க் 1440களில் வரைந்த, வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் பீடப்படத்தின் கதையும் இதுவே. நடுப்பலகை எக்ஸ் நகரிலேயே இருக்கிறது. இறைவாக்கினர் எசாயா நிற்கும் பக்கப் பலகை, அதாவது சிறகு, ரோட்டர்டாமில், எரேமியா நிற்கும் சிறகு பிரஸ்ஸல்ஸில். ஒரு சிறகின் மேல்பகுதியான புத்தக அலமாரியை மட்டும் அறுத்தெடுத்திருக்கிறார்கள், அது ஆம்ஸ்டர்டாமில் தனி ஓவியம்போல் தொங்குகிறது.

இப்போது பெயர்ச் சிக்கல். விளக்கச் சீட்டில் 'பூசிகோ மாஸ்டர்', 'பெட்ஃபர்ட் மாஸ்டர்', 'மூலான் மாஸ்டர்' என்றெல்லாம் இருக்கும். பூசிகோ என்பவர் ஓவியர் அல்ல, புத்தகத்தை வரையச் சொன்ன தளபதி. பெட்ஃபர்டும் அப்படியே, ஓர் ஆங்கிலேயக் கோமகன். மூலான் என்பது ஊர். கையெழுத்திடாத ஓவியரின் ஒரு முக்கியமான வேலையை எடுத்து, அதே கை வேறெங்கே தெரிகிறதோ அதையெல்லாம் அந்தப் பெயரின்கீழ் சேர்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம். ஆகவே இது ஒருவரின் பெயர் இல்லை, ஒரு கருதுகோளின் பெயர். நாளை ஓர் ஆவணம் கிடைத்தால் மாறும், ஒரு மாஸ்டர் இருவராகப் பிரிவதும் நடக்கும். சீட்டில் பெயருக்கு முன்னால் வரும் சொல்லையும் கவனியுங்கள். ஒன்றுமில்லாமல் பெயர் மட்டும் இருந்தால் காப்பாட்சியர் உறுதியாக நம்புகிறார். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் வாதம் இருக்கிறது, ஆவணம் இல்லை. 'பட்டறை' என்றால் அவர் மேற்பார்வையில் உதவியாளர் கை. 'வட்டம்' என்றால் பக்கத்தில் இருந்த, ஆனால் பட்டறையைச் சேராத ஒருவர். 'பின்பற்றியவர்' என்றால் பின்னால் வந்தவர். இந்த ஐந்து படிகளில் விலையும் பத்து மடங்கு நூறு மடங்கு என்று இறங்கும்.

மூலான் மாஸ்டர் விஷயம் சுவையானது. 1904 ஏப்ரலில் பாரிஸில் 'பிரெஞ்சு ஆதி ஓவியர்கள்' என்ற கண்காட்சி திறந்தது. ஓவியங்கள் லூவ்ரின் மார்சான் கட்டடத்தில், சுவடிகள் தேசிய நூலகத்தில். அதை நடத்தியவர் நூலகத்தின் அச்சுப்படப் பிரிவுத் தலைவர் ஆன்ரி பூஷோ. இரண்டு ஆண்டுக்கு முன் பெல்ஜியத்தின் ப்ரூஷ் நகரம் ஃபிளாண்டர்ஸ் ஆதி ஓவியர்களைக் காட்டி உலகையே வியக்க வைத்திருந்தது. எங்களிடமும் ஓவியர் உண்டு என்பதே பூஷோவின் பதில். பதில் சொல்லும் அவசரத்தில் ஃபிளாண்டர்ஸ்காரர் சிலரையும் பிரெஞ்சுக்காரர் ஆக்கினார். பெல்ஜிய அறிஞர் ஷார்ஷ் ஹுலான் த லோ அதே ஆண்டு விரிவாக மறுப்பு எழுதினார். அந்தக் கண்காட்சியில் பிரெஞ்சு மேதைமைக்குச் சான்றாக நின்றவர்களில் முக்கியமானவர் மூலான் மாஸ்டர். பிரஸ்ஸல்ஸில் உள்ள, முள்முடி சூடிய இயேசுவின் சிறிய பலகை ஒன்றின் பின்புறம் 1494 என்ற ஆண்டும் ஷான் ஹே என்ற பெயரும் லத்தீனில் இருக்கின்றன. அதே வாசகம் அவரை 'தெயுத்தோனியர்' என்கிறது, அதாவது ஜெர்மானிய மொழி பேசும் நிலத்திலிருந்து வந்தவர். மூலான் மாஸ்டரும் இவரும் ஒருவரே என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். பிரெஞ்சு அரசவைக்காக வரைந்த மிக நேர்த்தியான கை ஃபிளாண்டர்ஸ் பயிற்சி பெற்றது!

இதனால் 1904 தோல்வி என்று சொல்லிவிட முடியாது. அதில் வைத்த வில்நவ்-லெ-அவின்யோன் பியத்தா, இறந்த மகனை மடியில் கிடத்திய வியாகுல மாதா, அடுத்த ஆண்டே லூவ்ர் நண்பர்கள் சங்கத்தின் வழியாக லூவ்ருக்கு வந்தது. இன்று அதை ஆங்கெரான் கார்த்தோனின் வேலையாகக் கொள்கிறார்கள். கார்த்தோனைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஆவணம் எந்தக் கண்காட்சிச் சீட்டையும்விடச் சுவையானது. மாதாவுக்கு முடிசூட்டும் பீடப்படத்துக்காக 1453 ஏப்ரலில் ஷான் த மொந்தன்யாக் என்ற குருவோடு போட்ட ஒப்பந்தம் அது. தந்தையாகிய கடவுளுக்கும் மகனாகிய இயேசுவுக்கும் உருவத்தில் வேறுபாடு இருக்கக் கூடாது, ரோமும் எருசலேமும் கீழே தெரிய வேண்டும், படத்தில் உயர்ந்த நீலமே வேண்டும், சட்டத்துக்கு மட்டும் ஜெர்மன் நீலம் போதும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் படம் இன்றும் வில்நவ்-லெ-அவின்யோனின் பியர் த லுக்சம்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போய் ஒவ்வொரு நிபந்தனையையும் சரிபார்க்கலாம். தந்தையும் மகனும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கிறார்கள்.

1904இன் நூற்றாண்டுக்கு லூவ்ர் 2004இல் அதே ஓவியர்களை மறுபடி ஆராய்ந்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டு மன்னர் ஆறாம் ஷார்ல் காலத்துப் பாரிஸைப் பற்றியும் ஒன்று. 2010இல் பாரிஸின் கிரான் பலே மண்டபத்தில் 'பிரான்ஸ் 1500', பிறகு அதுவே சிகாகோவுக்குப் போனது. 2024இல் பாரிஸின் இடைக்காலக் கலைக்கான க்ளூனி அருங்காட்சியகம் ஏழாம் ஷார்ல் காலத்தை எடுத்துக்கொண்டது. அதில் மன்னரின் சிம்மாசன விதானத் திரையும் ரோஹான் செபநூலும் இருந்தன. இவற்றின் விளக்கப் பட்டியல் நூல்கள் கனமானவை, பிரெஞ்சு மொழி. ஆனால் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பொருளின் குறிப்பிலும் யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஓவியரைப் பற்றிய வாதம் தவறானாலும் அந்தப் பகுதி பெரும்பாலும் நிற்கும்.

சிலைகள், திரைச்சீலைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லுக்கு ஒளி தீங்கில்லை, ஆகவே அங்கே நிதானமாகப் பார்க்கலாம். மடிப்புகளின் உட்குழிவில், காதின் பின்னால் பழைய வண்ணத் துணுக்குகளைத் தேடுங்கள். இந்தச் சிலைகள் வெள்ளையாக இருந்ததே இல்லை. நோத்ர் தாமின் யூதேய அரசர்களைப் பிரான்ஸின் அரசர்கள் என்று எண்ணிப் புரட்சிக்காரர்கள் தலையை வெட்டினார்கள். 1977இல் ஒரு வங்கிக் கட்டட வேலையின்போது 21 தலைகள் வெளிப்பட்டன, க்ளூனியில் நிற்கின்றன. தந்தச் சிலையின் சாய்வு தந்தத்தின் வளைவால் வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாதி உண்மை. வளைவே இல்லாத கல்லிலும் அதே இடுப்புச் சாய்வு இருக்கிறதே! தந்தம் ஈரப்பத மாற்றத்தில் விரியும், அதனால் சில பேழைகளில் அடியில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சிலிக்கா ஜெல் தட்டு மறைந்திருக்கும். இன்று தந்தப் பொருளை எல்லை தாண்டி அனுப்ப அழியும் உயிரினங்களுக்கான உடன்படிக்கைச் சான்று வேண்டும். சிறிய கடன் கோரிக்கைகூட மாதக்கணக்கில் இழுப்பதற்கு இது ஒரு காரணம்.

திரைச்சீலையின் பின்புறத்தை நினைத்துக்கொண்டே முன்புறத்தைப் பாருங்கள். ஆன்ஷே கோட்டையிலுள்ள, விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலைச் சித்திரிக்கும் திரைச்சீலை 100 மீட்டருக்கு மேல் எஞ்சியிருக்கிறது. உள்துணியை நீக்கியபோது பின்புறத்தில் பச்சையும் சிவப்பும் புதிதாக இருந்தன, முன்புறத்தில் அந்தப் பச்சை பெரும்பாலும் நீலமாகிவிட்டது, அதில் கலந்த மஞ்சள் சாயம் ஒளியில் போய்விட்டதால். க்ளூனியின் 'சீமாட்டியும் ஒற்றைக் கொம்பனும்' ஆறு திரைச்சீலைகளில் கீழ் ஓரத்தைக் கவனியுங்கள். மேலே செழித்த சிவப்பு, கீழே வெளிறிய பட்டை. அது 19ஆம் நூற்றாண்டில் மறுநெசவு செய்த பகுதி. புதிதாகச் சேர்த்ததுதான் முதலில் வெளுத்தது, 1500இல் சாயமேற்றியது நிற்கிறது.

விற்பனைக் கூடங்களின் கண்காட்சிகளையும் விடாதீர்கள். பாரிஸ், லண்டன், நியூயார்க்கில் இடைக்காலச் சுவடிகளுக்கும் சிற்பங்களுக்கும் என்றே கூடங்கள் உள்ளன. நுழைவுக் கட்டணம் இருக்காது, நீங்கள் வாங்க வரவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். சில இடங்களில் கண்ணாடியில்லாமலே தாளைப் பார்க்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தனித்தாள் எந்தப் புத்தகத்திலிருந்து, எப்போது வெட்டப்பட்டது? பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள். போலிகளும் உண்டு. 'ஸ்பானியப் போலிக்காரர்' என்று அழைக்கப்படுபவர் 19ஆம் நூற்றாண்டு முடிவில் பெரும்பாலும் பாரிஸில் வேலை செய்தவர். பழைய பாட்டுப் புத்தகங்களின் உண்மையான தோல்தாளில் வரைந்தார். எனவே தாளைச் சோதித்தால் பழையது என்றே வரும். இனிப்பான முகங்களும், தேவைக்கு மேல் இறங்கிய உடைக் கழுத்தும், 1814க்கு முன் இல்லாத ஆர்செனிக் பச்சையும் அவரைக் காட்டிக்கொடுத்தன. 1978இல் நியூயார்க்கின் மார்கன் நூலகம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. இப்போது அவர் போலிகளே விலைக்குப் போகின்றன.

இந்தியாவுக்கு ஒரு தாளை வாங்கிவர நினைத்தால் பிரான்ஸின் ஏற்றுமதிச் சான்றிதழைப் பற்றி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'தேசியச் செல்வம்' என்று அரசு முடிவெடுத்தால் 30 மாதம் பொருள் நாட்டைவிட்டு நகராது. அதற்குள் ஏதாவது அருங்காட்சியகம் பணம் திரட்டி வாங்கப் பார்க்கும்.

பயண ஏற்பாட்டில் மக்கள் தடுக்கி விழும் இடம் விடுமுறை நாள். க்ளூனிக்குத் திங்கள் விடுமுறை. லூவ்ர், ஷாண்டியி, மறுமலர்ச்சிக்கான எக்குவான் அரண்மனை அருங்காட்சியகம் மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. எனவே செவ்வாய் க்ளூனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷாண்டியிக்கு கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், நிலையத்திலிருந்து அரண்மனைவரை நடக்கும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். லூவ்ரில் பிரெஞ்சு ஓவியங்கள் ரிஷ்லியே பக்கத்து இரண்டாம் மாடியில் தொடங்குகின்றன, பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஷானின் 1350 வாக்கிலான பக்கவாட்டு முகப்படம் அங்கே. பர்கண்டிக்காரர் ஃபிலிப் போவின் கல்லறையை எட்டுக் கறுப்பாடைக்காரர்கள் தோளில் சுமப்பது அதே பக்கத்தின் தரைத்தளத்தில்.

பார்த்து வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சீட்டிலிருந்து சுவடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'லத்.' என்றால் லத்தீன், 'ஃபிர.' என்றால் பிரெஞ்சுத் தொகுப்பு. எண்ணுக்குப் பின் வரும் தாள் எண்ணோடு முன்பக்கமா பின்பக்கமா என்ற எழுத்தும் இருக்கும். தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் மூடியிருந்த மற்ற பக்கங்கள் எல்லாம் இலவசமாகத் திறக்கும். முதலில் லத்தீன் 9474ஐப் பாருங்கள். ஷான் பூர்திஷோன் பிரெத்தான் ஆன் அரசிக்காக 1508 வாக்கில் முடித்த செபநூல் அது. ஓரங்களில் 300க்கும் மேற்பட்ட செடிகள், ஒவ்வொன்றுக்கும் லத்தீன், பிரெஞ்சுப் பெயர்கள், இலைமேல் வண்டும் புழுவும். பேழையில் அதன் இரண்டு செடிகளைத்தான் பார்த்திருப்பீர்கள்.